இது எங்கே பட்டது

லாண்டரியின் முன்பக்க ஜன்னலோரம் ஐந்தடிக்கு நாலடி இடம் எனக்கு. ஒரு தையல் மெஷின், ஒரு முக்காலி, நூல்கண்டு போட்டுவைக்கப் பழைய பிஸ்கட் டப்பா ஒன்று. ஜிப் மாற்றுவது, பேன்ட் கால் குறைப்பது, கிழிந்ததை இழையோட்டித் தைப்பது, அவ்வளவுதான் என் தொழில். புதுச்சட்டை தைத்துத் தரச் சொல்லி யாராவது வந்தால் எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். பழசைச் சரிசெய்யவே ஆயுள் போதவில்லை, இதில் புதுசு வேறா?

கடை அக்காவுடையது. தெருவே அவளை அக்கா என்றுதான் கூப்பிடும், அவளைவிடப் பத்து வயது மூத்தவர்கள் உட்பட. அவள் வீட்டுக்காரர் எனக்கு மாமா. ஸ்டீம் பிரஸ் அவர் கையில். காலை எட்டு மணிக்கு பாய்லரைப் போட்டால் சாயங்காலம் வரை பனியனோடு அந்த ஆவிக்குள்ளேயே நிற்பார். பேச மாட்டார், பேசினால் கத்துவார். நடுவில் ஒன்றும் கிடையாது.

கறை எடுப்பது அக்காவின் வேலை. துணியை மோந்து பார்ப்பாள், நகத்தால் சுரண்டிப் பார்ப்பாள், ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடிப்பாள். டீயா, மையா, ரத்தமா, கிரீஸா என்று அவளே கண்டுபிடித்துவிடுவாள். வந்தவரிடம் ஒரு வார்த்தை கேட்க மாட்டாள். கேட்பதே இல்லை என்பது அந்தக் கடையின் சட்டம். "கறையோட வர்றவங்க ஏற்கெனவே கூசிப்போய்த்தான் வர்றாங்க. அவங்கள நிக்க வெச்சு எங்க பட்டுச்சு, எப்படிப் பட்டுச்சுன்னு கேக்கிறது அசிங்கம்டா. நமக்கு எதுக்கு ஊர் வம்பு? எடுத்தோமா, மடிச்சோமா, குடுத்தோமான்னு இருக்கணும்" என்பாள். அதில் அவளுக்கு ஒரு பெருமை. எனக்கும்தான்.

அக்காவின் தம்பியை எல்லோரும் துரை என்று கூப்பிடுவோம். நாற்பது வயது. வெள்ளைச் சட்டைதான் போடுவான். கஞ்சி போட்டுத் தேய்த்திருக்க வேண்டும், கழுத்துப் பொத்தான் வரை மாட்டியிருக்க வேண்டும், இல்லையென்றால் வாசலைத் தாண்ட மாட்டான். அந்தத் தோரணைக்காக வந்த பெயர் அது. பேச்சு அதிகம் கிடையாது. நாம் சொல்வதில் கடைசி வார்த்தையைத் திருப்பிச் சொல்வான். "சாப்பிட்டியா?" என்றால் "சாப்பிட்டியா" என்பான். உட்கார்ந்தால் முன்னும் பின்னுமாக ஆடிக்கொண்டே இருப்பான். என் மெஷின் ஓட்டமும் அவன் ஆட்டமும் சில நேரம் ஒத்துப்போகும், அப்போது இரண்டு பேரும் சிரித்துக்கொள்வோம்.

கடையில் அவனுக்கும் ஒரு வேலை இருந்தது. வந்து குவியும் துணிகளின் பாக்கெட்டை எல்லாம் சோதிப்பது. பேனா, சாவி, பஸ் டிக்கெட் என்று எது கிடைத்தாலும் ஜெயித்தவன் போல உயர்த்திக் காட்டுவான். இரண்டு வருஷத்துக்கு முன்னால் நாங்கள் அசந்த நேரத்தில் பிரஸ் தட்டில் இடது கையை வைத்துவிட்டான். உள்ளங்கைத் தோல் உரிந்து வந்தது. அதற்கப்புறம்தான், இவனைப் போன்றவர்களைப் பகலில் பார்த்துக்கொள்ளும் இல்லம் ஒன்றில் பெயர் எழுதி, ஒரு வருஷம் காத்திருந்து, இடம் கிடைத்தது. காலை எட்டரைக்கு வேன் வரும், சாயங்காலம் நாலரைக்குக் கொண்டுவந்து விடும். இடம் கிடைத்த அன்று மாமா தெருவுக்கே டீ வாங்கிக் கொடுத்தார்.

இந்த வருஷம் வெயில் ஆரம்பித்த சமயத்திலிருந்து துரையிடம் சில மாற்றங்கள். காலையில் தண்ணீர் குடிக்க மறுத்தான். டம்ளரை நீட்டினால் உதட்டை இறுக்கிக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொள்வான். "என்ன துரை, தண்ணி ருசியா இல்லையோ? பன்னீர் கொண்டு வரச் சொல்லட்டுமா?" என்று நானே கிண்டல் செய்திருக்கிறேன். நாற்காலியில் உட்காருவதையும் விட்டுவிட்டான். தரையில்தான் உட்காருவான், அதுவும் சுவரில் சாயாமல். அக்கா அவனுக்குப் பிடிவாதம் ஏறிவிட்டது என்றாள். மாமா, வெயில் காலம், தரை குளிர்ச்சியாக இருக்கும் என்றார். ஆளுக்கொரு காரணம் வைத்திருந்தோம். இன்று நினைத்தால் செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போலிருக்கிறது.

ஒரு புதன்கிழமை மத்தியானம் துரையின் சட்டை ஒன்றை அக்கா என் மேஜையில் போட்டுவிட்டுப் போனாள். முதுகில் குறுக்காகப் பிரிந்திருந்தது. அந்த வெயில் காலத்தில் அது மூன்றாவது சட்டை. முதல் இரண்டையும் நான்தான் இழையோட்டிக் கொடுத்தேன். மூன்றையும் எடுத்து ஒன்றின் மேல் ஒன்றாக விரித்தேன். மூன்று கிழிசலும் ஒரே இடத்தில். எனக்குக் கோபம் வந்துவிட்டது.

"அக்கா, இங்க வா. நீ துவைக்கிறியா, துணியக் கொல்றியா?"

"ஏண்டா, என்ன ஆச்சு இப்ப?"

"கறை எடுக்கிற மருந்து போட்டுட்டு அலசாம விட்டிருக்க. துணி இத்துப்போயிருக்கு பாரு. மூணு சட்டை! ஒரே இடத்துல!"

"யாரு, நானா அலசாம விட்டேன்? நாக்க அடக்கிப் பேசு. நாலு தண்ணில அலசறவ நான். துருக்கறை வந்தா மருந்து போடாம, ஊதியா விட முடியும்? ஒருதடவை, ரெண்டுதடவைன்னா தாங்கும். வாரத்துல மூணு நாள் வந்தா எந்தத் துணிடா தாங்கும்?"

"வாரத்துல மூணு நாளா? எங்கிருந்து வருது?"

உள்ளே பிரஸ் புஸ்ஸென்று மூச்சு விட்டது. அக்கா சட்டையை எடுத்து ஜன்னலுக்கு நேராகத் தூக்கிப் பிடித்தாள். கிழிந்த இடத்துக்கு மேலே சாணளவு தள்ளி இன்னொரு கோடு, கிழியாமல், ஆனால் வெளிச்சம் புகுந்துவரும்படி மெலிந்து. மற்ற இரண்டு சட்டைகளிலும் அதே போல இரண்டிரண்டு கோடுகள். மருந்து பட்டுப் பட்டுத் தேய்ந்த இடங்கள்.

"காஞ்ச துணில துரு ஏறாதுடா" என்றாள். என்னிடம் சொல்வது போல இல்லை. "ஈரம் வேணும். ஈரத்துணி இரும்புல அழுத்திக்கிட்டு ரெண்டு மணி, மூணு மணி நேரம் இருந்தாத்தான் அந்த மாதிரி ஏறும்."

"மழையில நனைஞ்சிருப்பானோ?"

"எந்த மழை? மூணு மாசமா ஒரு தூறல் உண்டா?" சட்டையை மடியில் போட்டுக்கொண்டாள். "பேன்ட்டும் மொடமொடன்னுதான் வரும். தண்ணில முக்கிக் காய வெச்சாப்புல. மூஞ்சி கழுவிவிடறப்ப சிந்தியிருப்பாங்கன்னு நினைச்சேன்."

"கோடு எப்படி இருந்துச்சு அக்கா? தேய்ஞ்சு, இழுவின மாதிரியா?"

"இல்ல. ஸ்கேல் வெச்சுப் போட்ட மாதிரி."

அதைச் சொல்லி முடித்ததும் இரண்டு பேருமே துரை வழக்கமாக உட்காரும் இடத்தைப் பார்த்தோம். இரண்டு நிமிஷம் ஆடாமல் அவனால் உட்கார முடியாது. இரும்பில் சாய்ந்து ஆடியிருந்தால் கறை அப்பியிருக்கும். கோடு விழ வேண்டுமென்றால் அவன் அசையாமல் இருந்திருக்க வேண்டும். அசையவிடாமல் யாரோ வைத்திருக்க வேண்டும்.

அக்கா அழுக்குத்துணி மூட்டையின் மேல் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். "ஒண்ணுக்குப் போயிட்டான்னா மாத்துத்துணி போட்டுவிட வலிக்குது அந்த இல்லத்துக்காரங்களுக்கு. தண்ணிய ஊத்திவிட்டு, கட்டிப்போட்டு, வெயில்ல... காய வெச்சிருக்காங்கடா. நாம துணியக் காய வைக்கிற மாதிரி என் தம்பியக் காய வெச்சிருக்காங்க."

அதனால்தான் அவன் தண்ணீர் குடிக்கவில்லை. குடித்தால் என்ன நடக்கும் என்று அவனுக்குத் தெரிந்திருக்கிறது. சொல்லத்தான் தெரியவில்லை.

அன்று வேன் வரும் வரை நாங்கள் மூன்று பேரும் வாசலிலேயே நின்றோம். மாமா பாய்லரை அணைத்துவிட்டார். பகலில் அந்தக் கடையில் பாய்லர் அணைந்து நான் பார்த்ததில்லை. வேன் வந்தது, துரை இறங்கினான், எங்களைப் பார்த்துச் சிரித்தான். முதுகைத் திருப்பிப் பார்த்தால் பழுப்பு நிறத்தில் இரண்டு கோடுகள்.

மாமா அவன் தோளைப் பிடித்துக் கத்த ஆரம்பித்தார். "யாரு கட்டினா? சொல்லுடா! உன்னைக் கட்டிப்போட்டாங்களா?"

"போட்டாங்களா" என்றான் துரை.

"போடலையா?"

"போடலையா."

"விடுங்க மாமா, பயந்துக்கப் போறான்" என்று நான் அவரை இழுத்து உள்ளே கொண்டுபோனேன். மாமா போனை எடுத்து இல்லத்துப் பொறுப்பாளர் அம்மாவைக் கூப்பிட்டுக் கத்தினார். அந்த அம்மா கத்தவில்லை. தேனாகப் பேசினார். "உங்க மச்சான் எங்க குழந்தை மாதிரிங்க. பின்கட்டுல பெஞ்சுல காத்தாட உக்கார வெச்சிருப்பாங்க. மழையில நனைஞ்சிருக்கும். நீங்க மனசுல எதுவும் வெச்சுக்காதீங்க." மழை! மாமா போனை மேஜையில் எறிந்தார். என் பிஸ்கட் டப்பா கவிழ்ந்து நூல்கண்டுகள் நாலாபக்கமும் ஓடின. அவற்றைப் பொறுக்கிக்கொண்டிருக்கும்போதுதான் பின்பக்கம் குழாய் சத்தம் கேட்டது.

ஓடினேன். அக்கா துரையைக் குளிக்க வைத்து, துண்டைச் சுற்றி, முக்காலியில் உட்கார வைக்கப் பார்த்து முடியாமல் தரையில் உட்கார வைத்திருந்தாள். அழுதுகொண்டே இருந்தாள். ஒரு கை அவன் தலையைத் துவட்டிக்கொண்டிருந்தது. இன்னொரு கை தொட்டிக்குள்.

"அக்கா, சட்டை எங்க?"

அவள் தொட்டியைப் பார்த்தாள். மருந்து போட்டு, தேய்த்து, அலசி, நாலாவது தண்ணீரில் கிடந்தது சட்டை. ஒரு பொட்டுக் கறை இல்லை. முப்பது வருஷமாகக் கறையைக் கண்டால் எடுத்த கை. அழுவதற்கு அவள் போய்விட்டாள், கை மட்டும் வேலை பார்த்திருக்கிறது. அவள் சட்டையை வெளியே எடுத்துப் பார்த்து, "ஐயோ, நானே..." என்று ஆரம்பித்தாள். மாமா வாசலில் நின்று பார்த்தார். அன்றைக்கு அவர் கத்தியிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும்.

மறுநாள் காலை எட்டரைக்குத் துரை பொத்தானெல்லாம் மாட்டிக்கொண்டு, சாப்பாட்டுப் பையைத் தோளில் போட்டு, வாசலில் நின்றான். பயந்தாலும் போக வேண்டும் என்றுதான் அவன் பழகியிருக்கிறான். வேன் வந்தது. அக்கா ஓட்டுநரிடம், "இன்னைக்கு வரல" என்று மட்டும் சொன்னாள். வேன் திரும்பி மறையும் வரை துரை அதையே பார்த்தான். பிறகு பையைக் கழற்றித் தரையில் வைத்தான். ஒவ்வொரு பொத்தானாகக் கழற்றினான்.

அன்றே மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்துக்குப் போய்ப் புகார் எழுதிக் கொடுத்தோம். வெள்ளிக்கிழமை பாதுகாப்பு அலுவலர் கடைக்கு வந்தார். முப்பது வயதுக்குள் ஒரு பெண். இதுவா வந்து கிழிக்கப்போகிறது என்று எனக்கு இளக்காரம். அந்தப் பெண் மாமாவிடமும் அக்காவிடமும் எல்லாவற்றையும் கேட்டு எழுதிக்கொண்டார். நான் ஜன்னலில் சட்டைகளைத் தூக்கிப் பிடித்து மெலிந்த கோடுகளைக் காட்டினேன்.

"கறையோட ஒண்ணாவது இருக்கா?"

அக்கா தலையைக் குனிந்துகொண்டாள். நான்தான் இல்லை என்று சொன்னேன்.

"நான் அவர்கிட்ட பேசலாமா?" என்று கேட்டார் அலுவலர்.

"அவன்கிட்ட கேட்டு என்ன மேடம், நீங்க சொல்றதைத்தான் திருப்பிச் சொல்லுவான்" என்றார் மாமா.

"அதனாலதான் ஆமாவா இல்லையான்னு நான் கேக்கப்போறதில்ல."

அவர் செருப்பைக் கழற்றிவிட்டுத் துரைக்கு எதிரில் தரையில் உட்கார்ந்தார். துரை பாக்கெட் சோதித்துக்கொண்டிருந்தான். அவரும் ஒரு சட்டையை எடுத்துச் சோதித்தார். பதினைந்து நிமிஷம் இரண்டு பேரும் பேசாமல் அந்த வேலையைப் பார்த்தார்கள். ஒரு சாவி கிடைத்ததும் துரை உயர்த்திக் காட்ட, அவர் கைதட்டினார். பிறகு சாதாரணமாக, "காலையில வேன்ல போவீங்க. அப்புறம் மத்தியானம் சாப்பாடு. சாப்பிட்டு முடிச்சதும் எங்க இருப்பீங்க?" என்றார்.

துரை "இருப்பீங்க" என்றான். சாவியைக் கீழே வைத்தான். எழுந்து சுவர்ப்பக்கம் போனான். மூன்று மாதமாக அவன் சாயாத சுவர். முதுகை அதில் ஒட்டி உட்கார்ந்தான், இரண்டு கைகளையும் பின்னால் கொண்டுபோனான், தலையை நேராக வைத்துக்கொண்டான். அப்படியே இருந்தான். நான் அவன் ஆடுவான், இதோ ஆடுவான் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். அவன் ஆடவில்லை. யாராவது வந்து அவிழ்த்துவிட வேண்டும் என்பது போல இருந்தான். கடைசியில் அலுவலர் பக்கத்தில் போய், "போதும், எந்திரிச்சுக்கலாம்" என்ற பிறகுதான் கையை முன்னால் எடுத்தான். மாமா துண்டை வாயில் வைத்துக்கொண்டு பின்பக்கம் போய்விட்டார்.

அன்று மத்தியானமே அலுவலர் சொல்லாமல் கொள்ளாமல் இல்லத்துக்குப் போனார். சாயங்காலம் திரும்பி வந்தவரின் முகம் சரியில்லை.

"பின்கட்டுல இரும்பு பெஞ்சு இருக்கு. பச்சை பெயின்ட் அடிச்சிருக்காங்க. இன்னும் காயக்கூட இல்ல. எல்லாரும் ஹால்ல உக்காந்து பாட்டு கேட்டுக்கிட்டு இருந்தாங்க." மாமாவைப் பார்த்தார். "நீங்க முன்னாடியே போன் பண்ணியிருக்கக் கூடாதுங்க."

"புத்தி கெட்டுப்போய்ப் பண்ணிட்டேன் மேடம்" என்றார் மாமா. அவர் அவ்வளவு மெதுவாகப் பேசி அன்றுதான் கேட்டேன்.

"நான் நம்பறேன். அவர் காட்டினதையும் எழுதியிருக்கேன். ஆனா அவங்க வக்கீல் வெச்சாங்கன்னா, லாண்டரி வீட்டுச் சட்டை மருந்து பட்டுத்தான் நைஞ்சுதுன்னு சொல்லிட்டுப் போயிடுவாங்க. அங்க இன்னும் ஏழு பேர் இருக்காங்க. ஒருத்தருக்கும் பேச்சு இல்ல. அவங்க வீட்டுலயும் போய்க் கேக்கணும். பேரும் முகவரியும் இல்லத்துக்கிட்டதான் வாங்கணும். திங்கக்கிழமை தரேன்னு சொல்லியிருக்காங்க."

திங்கட்கிழமைக்குள் ஏழு வீட்டுக்கும் அந்தத் தேன் குரல் போன் போட்டிருக்கும். அலுவலர் போன பிறகு அக்கா கொஞ்ச நேரம் தொட்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, "அவங்ககிட்ட என்கிட்ட இருக்கிற மாதிரி மருந்து இருக்காது இல்லடா?" என்றாள்.

"யாருகிட்ட?"

"மத்த வீட்டுக்காரங்ககிட்ட. துருக்கறை சோப்புக்குப் போகாது. வெளுக்க வெளுக்க நல்லா பிடிச்சுக்கும்."

எங்கள் கடையில் மட்டும்தான் அந்தக் கறை மறைந்திருக்கிறது. மற்ற வீடுகளில் அது இன்னும் இருக்கும்.

"வீடு எங்கன்னு தெரியாதே அக்கா?"

"துரைக்குத் தெரியும். தினமும் அந்த வேன்லதானே போறான்?"

மறுநாள் சனிக்கிழமை. இல்லத்துக்கு விடுமுறை. மாமாவைக் கடையில் விட்டுவிட்டு அக்காவும் நானும் துரையும் நடந்தே கிளம்பினோம். வேன் போகும் திசையில் துரையை முன்னால் விட்டோம். அவனுக்குக் குஷி தாங்கவில்லை. ஸ்டியரிங் பிடிப்பது போலக் கையை வைத்துக்கொண்டு நடந்தான். பெட்ரோல் பங்க் தாண்டி இடது பக்கம், மருந்துக்கடை முனையில் வலது பக்கம், ஒரு மாடி வீட்டுக்கு முன்னால் நின்று "பாம் பாம்" என்று ஹாரன் அடித்தான். கதவு திறந்தது. துரை வயதில் ஒரு பெண் வெளியே ஓடிவந்து அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். பின்னால் அவள் அம்மா.

அக்கா முப்பது வருஷமாகக் கேட்காத கேள்வியை அங்கே கேட்டாள். "உங்க பொண்ணு துணில, முதுகுல, துருக்கறை இருக்குதாங்க? அது எங்க பட்டுச்சுன்னு தெரியுமா?"

அந்த அம்மாவின் முகம் சுருங்கிவிட்டது. "எங்க வீட்டுக் குழாய்த் தண்ணி சரியில்லைங்க. எவ்வளவு தேய்ச்சாலும் போக மாட்டேங்குது. இல்லத்துல அவங்க ஏதாவது குறை சொன்னாங்களா? இனிமே நல்ல துணி போட்டு அனுப்பறேன்னு சொல்லுங்க." சொல்லிக்கொண்டே உள்ளே போய் இரண்டு சட்டைகளைக் கொண்டுவந்தார். அவமானத்தோடுதான் கொடுத்தார். நான் டேப்பை எடுத்து அளந்தேன். கோட்டுக்கும் கோட்டுக்கும் ஒன்பது அங்குலம். துரையின் சட்டையிலும் ஒன்பதுதான். அக்கா விஷயத்தைச் சொன்னதும் அந்த அம்மா மகளின் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தார்.

அடுத்த வீட்டில், துணி காயப்போடும் ஜன்னல் கம்பிதான் காரணம் என்று கம்பிக்குத் துணி சுற்றி வைத்திருந்தார்கள். அதற்கடுத்த வீட்டில் மருமகளுக்குத் துவைக்கத் தெரியவில்லை என்று மூன்று மாதமாகச் சண்டை. ஒவ்வொரு வீட்டிலும் ஒரு காரணம். ஒவ்வொருவரும் தங்கள் வீட்டுத் தப்பு என்று நினைத்து மூடி வைத்திருந்தார்கள். ஆறு வீட்டில் ஒன்பது சட்டைகள் கிடைத்தன. எல்லாவற்றிலும் அதே ஒன்பது அங்குலம்.

ஏழாவது வீட்டில் மட்டும் கதவு திறக்கவில்லை. ஜன்னல் வழியாக ஒரு வயதானவர் பேசினார். "எனக்கு எழுபத்தாறு வயசு. மகனைப் பகல்ல பாத்துக்க ஆள் இல்ல. அந்த இடத்தையும் மூடிட்டா நான் எங்க போவேன்? நீங்க பாட்டுக்குக் கிளப்பிவிட்டுட்டுப் போயிடுவீங்க. தயவுசெஞ்சு போங்கம்மா."

நான் சூடாக ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அக்கா என் கையை அழுத்தினாள். "நானும் அப்படித்தாங்க நினைச்சேன். ஒரு வருஷம் காத்துக் கிடந்து வாங்கின இடம். அதனாலதான் நான் எதுவும் கேக்கல. என் கடை பெட்ரோல் பங்க் பக்கத்துல இருக்கு" என்றாள். ஜன்னல் மூடிக்கொண்டது. துரை அந்த ஜன்னலுக்கு ஒரு தடவை "பாம் பாம்" அடித்துவிட்டு வந்தான்.

ஞாயிற்றுக்கிழமை காலை நான் கடையைத் திறக்கும்போது அந்தப் பெரியவர் படியில் உட்கார்ந்திருந்தார். செய்தித்தாளில் சுற்றிய ஒரு பொட்டலம் மடியில் இருந்தது. "நேத்து அவன் முதுகைப் பார்த்துக்கிட்டே இருந்தேன்பா. தூக்கம் வரல" என்றார். உள்ளே நாலு சட்டைகள்.

திங்கட்கிழமை அலுவலர் எல்லாவற்றையும் மேஜையில் விரித்து வைத்துப் படம் எடுத்துக்கொண்டார். பிறகு மேலதிகாரிகளோடு இல்லத்துக்குப் போனார். என் டேப்பையும் கேட்டு வாங்கிக்கொண்டு போனார். பச்சை பெயின்ட் அடித்த பெஞ்சில் முதுகுக் கம்பிகளுக்கு நடுவே ஒன்பது அங்குலம் இருந்தது. சமையலறை அலமாரியில் படுக்கைவிரிப்பைக் கிழித்து முறுக்கிய எட்டுத் துண்டுகள் கிடைத்தன. துணியால் கட்டினால் தழும்பு விழாது, யாரோ நன்றாக யோசித்துத்தான் செய்திருக்கிறார்கள். எட்டுப் பேருக்கு ஒரே ஒரு ஆயா, மத்தியானம் அவள் பாத்திரம் கழுவப் போனால் பார்க்க ஆள் கிடையாது, அதற்குப் பொறுப்பாளர் அம்மா கண்ட வழி இது. அந்த அம்மா மீது வழக்குப் போட்டார்கள். இல்லத்தை வேறு ஆட்கள் கையில் கொடுத்து, கூட இரண்டு பேரை வேலைக்கு வைத்தார்கள். எந்த நேரத்திலும் வீட்டுக்காரர்கள் போய்ப் பார்க்கலாம் என்று வாசலில் எழுதி ஒட்டியிருக்கிறது. அந்தப் பெரியவர் தினமும் போய்விடுகிறார், அவரால் பெரிய தொல்லை என்று கேள்வி. தொல்லையாகவே இருக்கட்டும்.

துரை திரும்பிப் போகவில்லை. அக்காவுக்கு மனசு வரவில்லை. மாமா பிரஸ்ஸைச் சுற்றி இடுப்புயரத்துக்குக் கம்பி வேலி போட்டு, கொக்கியை உள்பக்கம் வைத்தார். இதை இரண்டு வருஷம் முன்னாலேயே செய்திருக்கலாமே என்று நான் கேட்டேன். "செஞ்சிருக்கலாம்" என்றார்.

முதுகுச் சாய்மானம் உள்ள எதிலும் துரை உட்காரவில்லை. என் முக்காலியை அவனுக்குக் கொடுத்துவிட்டு நான் ஒரு நாற்காலி வாங்கிக்கொண்டேன். அந்த முக்காலியில் வேறு யாராவது உட்கார்ந்தால் கையைப் பிடித்து எழுப்பிவிடுவான், மாமாவைக்கூட. சுமார் இரண்டு மாதம் கழித்து ஒரு காலையில் அக்கா தண்ணீர் டம்ளரை நீட்டினாள். துரை வாங்கி ஒரே மூச்சில் குடித்தான். டம்ளரை மறுபடி நீட்டினான். அக்கா சொம்பை எடுத்துவர ஓடியபோது கால் தடுக்கி விழப் பார்த்தாள். நான் திட்டினேன், வேறென்ன செய்வது.

கடையின் சட்டம் மாறிவிட்டது. இப்போது அக்கா எல்லாக் கறைக்கும் கேட்கிறாள். "இது எங்க பட்டுச்சு?" டீக்கறைக்கும் கேட்கிறாள், மைக்கறைக்கும் கேட்கிறாள். சிலர் முகத்தைச் சுளிக்கிறார்கள். ஒருவர், "துவைக்கக் குடுத்தா துவைக்கணும், விசாரணை எதுக்கு?" என்று துணியை வாரிக்கொண்டு அடுத்த தெருக் கடைக்குப் போய்விட்டார். "போகட்டும்டா" என்றாள் அக்கா.

போன வாரம் ஒரு பெண் வந்தாள். புதிய முகம். பள்ளிக்கூடச் சீருடை ஒன்றைக் கொடுத்தாள், ஆறேழு வயதுப் பிள்ளையுடையது. கழுத்துப்பட்டைக்குக் கீழே பழுப்பாய்ச் சில சொட்டுகள். அக்கா நகத்தால் தொட்டுப் பார்த்தாள். அது என்ன கறை என்று அவளுக்கு உடனே தெரிந்துவிட்டது, எனக்கும் தெரிந்தது. ரத்தத்துக்குப் பச்சைத் தண்ணீரும் உப்பும் போதும், பத்து நிமிஷ வேலை.

"இது எங்கம்மா பட்டுச்சு?"

"விளையாடறப்ப..." என்றாள் அந்தப் பெண். நிறுத்தினாள். வாசலைத் திரும்பிப் பார்த்தாள். "எடுத்துக் குடுத்துருங்க, போதும்."

அக்கா தொட்டிக் குழாயைத் திறக்கவில்லை. சட்டையை மடித்து மேஜையில் வைத்து அதன் மேல் கையை வைத்துக்கொண்டாள். மாமா பிரஸ்ஸை நிறுத்தினார். நானும் மெஷினிலிருந்து காலை எடுத்தேன்.

"எடுக்கலாம். அவசரம் இல்ல. கொஞ்ச நேரம் உக்காருங்க" என்றாள் அக்கா.

"உக்காருங்க" என்றான் துரை. எழுந்து, தன் முக்காலியை அந்தப் பெண்ணின் பக்கம் தள்ளினான்.